எல்ம்: வேலிக்குள் ஒரு நிரல்மொழி

கனி, கபம், களம், கவி. இந்த நான்கு சொற்களையும் அகராதி வரிசையில் அடுக்கச் சொன்னால், தமிழ் படித்தவர் யாரும் கபம், கவி, களம், கனி என்றுதான் அடுக்குவார். பகரம் முடிந்து வகரம், அப்புறம் ளகரம், கடைசியில் னகரம். கம்ப்யூட்டரிடம் கொடுத்தால் அது நான் முதலில் எழுதிய வரிசையையே திருப்பித் தரும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து வைத்திருக்கும் யூனிகோடு அட்டவணையில் தமிழ் எழுத்துகள் தேவநாகரியின் வரிசையை ஒட்டி வைக்கப்பட்டவை. அதனால் னகரம் நகரத்துக்குப் பக்கத்திலும், றகரம் ரகரத்துக்குப் பக்கத்திலும், ளகரமும் ழகரமும் லகரத்தை அடுத்தும் உட்கார்ந்திருக்கின்றன. எழுத்தின் எண்ணைப் பார்த்து அடுக்கும் எந்த நிரலும் இங்கே தடுக்கி விழும்.

பிரவுசர்களுக்குள் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் இதைச் சரிசெய்ய ஒரு வரி போதும். எந்த மொழியில் எழுத்துகள் எப்படி வரிசையாகும், எண்ணில் காற்புள்ளி எங்கே விழும், தேதியை எப்படி எழுதுவார்கள் என்ற விவரமெல்லாம் இன்றைய பிரவுசர்களுக்குள்ளேயே இருக்கிறது. தமிழ் என்று சொல்லிக் கேட்டால் போதும், வரிசை சரியாக வந்துவிடும்.

எல்ம் மொழியில் வேலை பார்க்கும் டெவலப்பர் அந்த ஒரு வரியை எழுத முடியாது. எல்ம் நிரலும் கடைசியில் ஜாவாஸ்கிரிப்டாக மாறி அதே பிரவுசருக்குள்தான் ஓடுகிறது. ஆனாலும் அதன் உள்ளிருந்து அந்த வசதியை நேரடியாகக் கூப்பிட வழியில்லை. யாரும் எழுத மறந்துபோன வசதி என்று இதை நினைக்க வேண்டாம். தெரிந்தே போட்ட பூட்டு. எல்ம் டெவலப்பர்கள் சொல்லும் புகார்களில் பாதிக்கு மேல் எப்படியோ சுற்றி இந்தப் பூட்டுக்கே வந்து சேரும். அந்த மொழியை அவர்கள் விடமுடியாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கும் காரணம் அதே பூட்டுதான். அதனால்தான் இந்தக் கதை எனக்குச் சுவாரசியமாக இருக்கிறது.

எல்ம் பிறந்தது 2012இல். ஹார்வர்டில் இளங்கலை படித்துக்கொண்டிருந்த எவான் சாப்லிக்கி தன் ஆய்வேட்டுக்காக உருவாக்கிய மொழி அது. இணையப் பக்கங்களின் இடைமுகத்தை எழுதுவதற்கு மட்டுமே ஆனது. சர்வருக்கோ மொபைலுக்கோ என்று அது உருவாக்கப்படவில்லை. எழுதிய நிரலைச் சரிபார்த்து ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும் கம்பைலர், ஹாஸ்கெல் என்ற மொழியில் எழுதப்பட்டது, எல்மின் சாயலும் ஹாஸ்கெலை ஒட்டியதே. ஒருமுறை ஒரு பெயருக்குக் கொடுத்த மதிப்பை மாற்ற முடியாது. 'நல்' என்ற வெற்று மதிப்பே மொழியில் கிடையாது. ஒரு மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்றால் அதை டைப்பிலேயே, அதாவது மதிப்பின் வகையைச் சொல்லும் இடத்திலேயே, எழுதியாக வேண்டும்; இல்லாதபோது என்ன செய்வது என்று சொல்லாமல் விட்டால் கம்பைலர் நிரலை ஏற்காது. அதே 2012இல்தான் மைக்ரோசாஃப்ட் டைப்ஸ்கிரிப்டை வெளியிட்டது. இரண்டின் நோயும் ஒன்று: ஜாவாஸ்கிரிப்ட் பயனர் கையில் வெடிக்கிறது, வெடிக்கும்வரை யாருக்கும் தெரிவதில்லை. மருந்து மட்டும் வேறு. டைப்ஸ்கிரிப்ட் ஜாவாஸ்கிரிப்டின் மேலேயே ஒரு மேல்பூச்சாக வந்தது. எல்ம் ஜாவாஸ்கிரிப்டை வாசலுக்கு வெளியே நிறுத்தியது.

எல்மின் உண்மையான செல்வாக்கு அதன் பயனர் எண்ணிக்கையைவிடப் பெரிது. செயலியின் தற்போதைய தகவலான நிலையை ஒரே இடத்தில் வைப்பது, ஏதாவது நடந்ததாகச் செய்தி வந்தால் அதைப் புதிய நிலையாக மாற்றும் ஒரு ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு), நிலையைப் பார்த்துத் திரையை வரையும் இன்னொரு ஃபங்ஷன் என்ற மூன்று பகுதி அமைப்பு எல்மில் தானாக விளைந்தது. ஜாவாஸ்கிரிப்ட் செயலிகளின் நிலையைக் கையாள 2015இல் வந்த ரிடக்ஸ் என்ற கருவி இதிலிருந்து எடுத்துக்கொண்டதை அதன் ஆவணமே சொல்கிறது. இணைய இடைமுகங்களைக் கட்டும் ரியாக்ட்டில் இன்று எழுதும் பலர் எல்மின் பேரப்பிள்ளை வீட்டில் குடியிருக்கிறார்கள், தாத்தா பெயர் தெரியாமல். கம்பைலர் பிழைச்செய்திகளும் அப்படித்தான். 'இந்தப் பெயரில் எதையும் காணவில்லை, ஒருவேளை இதைச் சொல்ல வந்தீர்களா' என்று பக்கத்து வீட்டுக்காரர்போலப் பேசும் செய்திகளை எல்ம் 2015 முதல் கொடுக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு தன் பிழைச்செய்திகளைத் திருத்தி அமைத்த ரஸ்ட் நிரல்மொழியின் குழு எல்மைக் குறிப்பிட்டுச் சொன்னது.

கதவு ஒன்று, கடிதம் இரண்டு

சரி, பூட்டுக்கு வருவோம்.

ஜாவாஸ்கிரிப்டோடு பேச எல்மில் 'போர்ட்' என்று ஒரு வழி உண்டு. பிரவுசரின் உள்சேமிப்பில் ஒரு பயனரின் விருப்பத்தைப் படிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டால் அடுத்த வரியிலேயே பதில் கையில் இருக்கும். எல்மில் அதையே செய்ய, வெளியே போக ஒரு போர்ட், உள்ளே வர ஒரு போர்ட், உள்ளே வருவதைக் கவனிக்க ஒரு சந்தா, வந்த செய்திக்கு ஒரு பெயர், அந்தச் செய்தி வந்தால் நிலையை எப்படி மாற்றுவது என்று ஒரு கிளை, மறுபக்கத்தில் இவற்றைக் கேட்டுப் பதிலனுப்பச் சில வரி ஜாவாஸ்கிரிப்ட். கூப்பிட்ட குரலுக்குப் பதில் வருவது என்பது போய், கடிதம் போட்டுவிட்டுத் தபால்காரருக்காகக் காத்திருப்பது என்றாகிவிடும். இரண்டு கடிதம் ஒரே நேரத்தில் போட்டால், எந்தப் பதில் எந்தக் கடிதத்துக்கு என்று அடையாளம் வைத்துப் பொருத்துவதும் நம் வேலைதான்.

உள்சேமிப்புக்கு இந்த முறை பொறுத்துக்கொள்ளக்கூடியதே. வெளியுலகத்தோடு பேசும் வேலை என்பதால் கொஞ்சம் சடங்கு இருக்கட்டும் என்று மனம் ஒப்பும். வரிசைப்படுத்துவது அப்படி இல்லை. திரையை வரைந்துகொண்டிருக்கும்போதே பட்டியலை அடுக்க வேண்டும். அந்த நடுவில் தபாலுக்குக் காத்திருக்க முடியாது. ஒரு லட்சத்தை 1,00,000 என்று நம் ஊர் முறையில் காற்புள்ளி போட்டுக் காட்டுவதும் இதே வகை. 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணுவதும் அப்படியே: எல்மின் நீளம் எண்ணும் ஃபங்ஷன் அதற்கு 5 என்று பதில் சொல்லும், ஏனென்றால் இகரக் குறியையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. மூன்று என்று எண்ணத் தெரிந்த கருவி பிரவுசருக்குள் இருக்கிறது. கதவுக்கு அந்தப்பக்கம்.

கதவு எப்போதும் இப்படி மூடியிருக்கவில்லை. 'நேட்டிவ்' என்று ஒரு வழியில், எல்ம் ஃபங்ஷன்போலத் தோன்றும் ஒன்றின் உள்ளே ஜாவாஸ்கிரிப்டை வைக்க முடிந்தது. அது அதிகாரபூர்வமாக ஆதரிக்கப்பட்டதல்ல, பயன்படுத்த வேண்டாம் என்றும் சொல்லப்பட்டது. ஆனால் திறந்திருக்கும் கொல்லைப்புறக் கதவை யார்தான் பயன்படுத்தாமல் இருப்பார்கள்? பல குழுக்கள் அதை நம்பித் தங்கள் செயலிகளைக் கட்டியிருந்தன. 2018 ஆகஸ்டில் எல்மின் 0.19 பதிப்பு வெளியானபோது அது அடைக்கப்பட்டது. அதன்பின் மொழியின் சொந்த அமைப்புகள் இரண்டின் கீழ் வெளியாகும் பேக்கேஜ்கள் (மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகள்) மட்டுமே உள்ளே ஜாவாஸ்கிரிப்டை வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்குக் கம்பைலரே மறுத்துவிடும்.

எழுந்த கோபத்தை இன்று படித்தாலும் சூடு தெரியும். 'எங்களுக்கு ஒரு சட்டம், அவர்களுக்கு ஒரு சட்டமா' என்பது அதன் சாரம். மொழியை உருவாக்கியவர்களின் தரப்பிலும் நியாயம் இருந்தது. எல்மில் எழுதிய எந்தப் பேக்கேஜையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போடலாம், அது உங்கள் செயலியைச் சாய்த்துவிடாது என்ற உறுதி, எல்லாப் பேக்கேஜும் எல்மிலேயே எழுதப்பட்டிருந்தால்தான் நிற்கும். எந்த ஃபங்ஷன் பக்கவிளைவு இல்லாதது, அதாவது தனக்கு வெளியே எதையும் மாற்றாதது, என்று கம்பைலருக்கு உறுதியாகத் தெரிவதால், பயன்படாததை ஃபங்ஷன் ஃபங்ஷனாகக் கழித்துவிடவும் முடிகிறது. அந்த வெளியீட்டில் ஒரு நடுத்தர அளவிலான மாதிரிச் செயலி 29 கிலோபைட்டாகச் சுருங்கியதைக் காட்டினார்கள். ஒரேயொரு ஓட்டை இருந்தாலும் இந்த இரண்டும் போய்விடும்.

என் கருத்து இது. பேக்கேஜ்களுக்குப் பூட்டுப் போட்டது சரி. தன் சொந்தச் செயலிக்குள், தன் பொறுப்பில் ஒருவர் கதவைத் திறக்கக்கூடாது என்றதுதான் பலரை வெளியேற்றியது. அவர் எழுதிய ஓட்டை அவர் வீட்டுக் கூரையில்தானே? ஆனால் அப்படி அனுமதித்திருந்தால், 'இந்த நாலு வரியை உங்கள் செயலியில் ஒட்டிக்கொள்ளுங்கள்' என்று ஒவ்வொரு பேக்கேஜும் குறிப்பு எழுதத் தொடங்கியிருக்கும் என்பதும் உண்மை. மனிதர்கள் அப்படித்தான்.

இதில் ஒரு நகைமுரண். போர்ட் ஒன்றை எல்மில் அறிவித்துவிட்டு எங்கும் பயன்படுத்தவில்லை என்றால், பயன்படாததைக் கழிக்கும் அதே புத்திசாலித்தனம் அந்தப் போர்ட்டையும் கழித்துவிடும். மறுபக்கம் அதைத் தேடும் ஜாவாஸ்கிரிப்ட், 'வரையறுக்கப்படாத ஒன்றில் எதையோ தேடுகிறாய்' என்று விழுந்துவிடும். எந்தப் பிழையை ஒழிக்க இந்த மொழி வந்ததோ அதே பிழை, வாசற்படியில் நின்று கையசைக்கிறது. புதிதாக வருபவர் இதைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

முதல் வாரத்தின் சுவர்

எல்ம் கற்க வருபவர் போர்ட்டை அடைவதற்கு முன்பே ஒரு சுவரில் முட்டுவார். சர்வரிலிருந்து ஜேசன் என்ற எழுத்து வடிவில் வரும் தகவலை உள்ளே எடுக்கும் இடம் அது. ஜாவாஸ்கிரிப்டில் வந்ததை அப்படியே எடுத்து, உள்ளே கைவிட்டுப் பெயரையும் வயதையும் உருவலாம். எல்மில் 'டிகோடர்' ஒன்று எழுத வேண்டும்: பெயர் என்ற புலம் எழுத்துச்சரம், வயது என்ற புலம் முழு எண், முகவரி இருக்கலாம் இல்லாமலும் இருக்கலாம், அதற்குள் ஊர், பின்கோடு என்று ஒவ்வொன்றாக. டைப்பில் ஒருமுறை எழுதியதை இங்கே மறுபடி எழுதுவதுபோல இருக்கும். திருப்பி அனுப்ப 'என்கோடர்' என்று மூன்றாம் முறையும். மொழியுடன் வரும் கருவி எட்டுப் புலங்கள்வரைதான் நேரடியாகச் சேர்க்கும். ஒன்பதாவது புலம் வந்தவுடன் வேறு வழி தேட வேண்டும். பெரும்பாலோர் அதற்கென்றே இருக்கும் ஒரு பேக்கேஜுக்கு மாறிவிடுவார்கள்.

இது தண்டவேலை என்று முதல் வாரத்தில் தோன்றும். ஆறாவது மாதத்தில் சர்வர் எழுதுபவர் யாரிடமும் சொல்லாமல் வயதை எண்ணிலிருந்து எழுத்துச்சரமாக மாற்றுவார். அன்றைக்கு எந்தப் புலத்தில், எதை எதிர்பார்த்து, எது வந்தது என்று டிகோடர் சொல்லிவிடும். ஜாவாஸ்கிரிப்டாக இருந்தால் அந்த எழுத்துச்சரம் நாலு ஃபங்ஷன் தாண்டி, வயதோடு ஒன்றைக் கூட்டும் இடத்தில் 34ஐ 341 ஆக்கிவிட்டு, சத்தமில்லாமல் தரவுத்தளத்துக்குப் போயிருக்கும். டிகோடர்மீது எனக்குப் புகார் கிடையாது. அதைக் கம்பைலரே எழுதித் தந்திருக்கலாம் என்பதுதான் குறை. எல்மை அடிப்படையாகக் கொண்ட லாம்டெரா என்ற தளம் அதைத்தான் ஒரு விதத்தில் செய்கிறது. தன் சர்வருக்கும் பிரவுசருக்கும் இடையில் போகும் எல்லாவற்றுக்கும் மாற்றும் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது.

மற்ற மொழிக் குறைகளை வேகமாகச் சொல்லிவிடலாம். ஒரு டைப்பை எப்படி ஒப்பிடுவது என்பதுபோன்றவற்றை நாமே அறிவிக்க ஹாஸ்கெலில் இருக்கும் டைப்கிளாஸ் எல்மில் இல்லை. எனவே நீங்களாக உருவாக்கிய ஒரு டைப்பை, திறவுகோலைக் கொடுத்தால் மதிப்பைத் தரும் 'டிக்ட்' அமைப்பின் திறவுகோலாக வைக்க முடியாது. எண், எழுத்துச்சரம், இவற்றாலான பட்டியல் போன்றவை மட்டும்தான் அங்கே நிற்கும். அதற்கு மாற்றாக ஒவ்வொன்றையும் எழுத்துச்சரமாக மாற்றி வைத்துக்கொள்வது எல்ம் நிரல்களில் சகஜம். 'ஓடும்போது பிழையே வராது' என்ற புகழிலும் சிறு ஓட்டைகள் உண்டு. பூஜ்யத்தால் முழு எண் வகுத்தல் செய்தால் எல்ம் பூஜ்யம் என்று அமைதியாகச் சொல்லிவிடும். 'மாட்பை' என்ற ஃபங்ஷனிடம் பூஜ்யத்தால் வகுத்து மீதி கேட்டால் செயலி விழுந்துவிடும். இரண்டு ஃபங்ஷன்களைச் சமமா என்று ஒப்பிட்டாலும் அப்படியே. இவை அரிது. ஆண்டுக்கணக்கில் எழுதியும் சந்திக்காதவர்கள் இருக்கிறார்கள்.

2019க்குப் பிறகு

2019 அக்டோபரில் 0.19.1 வெளியானது. அதன்பின் ஆண்டுகள் உருண்டன. மொழிக்குப் புதிய வெளியீடு வரவில்லை.

ஜாவாஸ்கிரிப்ட் உலகில் ஆறு மாதம் புதிதாக எதுவும் வரவில்லையென்றால் மலர்வளையத்தோடு வந்துவிடுவார்கள். எல்மைப் பயன்படுத்துபவர்களிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். 2019இல் எழுதிய செயலியை எடுத்து, ஒரு எழுத்தும் மாற்றாமல் இன்று கம்பைல் செய்தால் ஓடுகிறது. வேறு எந்த இணையத் தொழில்நுட்பத்தில் இதைச் செய்ய முடியும்? கூகுளே தாங்கிப் பிடித்திருந்த ஆங்குலர்ஜேஎஸ் என்ற இணையச் செயலிக் கருவியின் ஆதரவு 2021 டிசம்பர் 31உடன் முடிந்தது. அதில் கட்டியவர்கள் எல்லாவற்றையும் பெயர்த்து வேறு இடத்தில் வைக்க வேண்டியிருந்தது. 'செத்த மொழி' என்பவர்களுக்கு எதிராக 'முடிந்த மொழி' என்று இவர்கள் வைக்கும் வாதத்தில் சத்து இருக்கிறது.

ஆனால் பிரவுசர் முடிந்த பொருள் அல்ல, அதுதான் சிக்கல். மொழி அசையாமல் நிற்கலாம், அது நிற்கும் தரை அசைகிறது. எல்ம் ஒரு முழுப் பக்கத்தையும் தன் கையில் எடுத்துக்கொள்ளும்போது, பக்கத்தில் இருப்பவை எல்லாம் தான் வைத்தவையே என்று நம்புகிறது. பயனர் தன் பிரவுசரில் போட்டிருக்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்று அந்தப் பக்கத்துக்குள் எதையாவது செருகினாலோ, கூகுள் மொழிபெயர்ப்பு பக்கத்தின் எழுத்துகளைத் தூக்கி வேறு உறைக்குள் போட்டாலோ, எல்மின் கணக்குத் தப்பிவிடும். சில சமயம் பக்கம் உறைந்து நிற்கும், சில சமயம் விழுந்துவிடும். ரியாக்ட்டுக்கும் இதே தொல்லை உண்டு. எல்ம் டெவலப்பருக்குக் கூடுதல் எரிச்சல் என்னவென்றால், பிழை எங்கே என்று தெரியும், திருத்தமும் யாரோ எழுதி அனுப்பியிருப்பார், அதை ஏற்றுக்கொள்ள வேண்டிய கை மட்டும் நகராது. பூட்டு இருப்பதால், அந்த மையப் பேக்கேஜின் திருத்தப்பட்ட பிரதியை இவரே வெளியிட்டுப் பயன்படுத்தவும் முடியாது. டெவலப்பரின் கணினியில் கம்பைலர் இறக்கி வைத்திருக்கும் பேக்கேஜ் கோப்புகளை மாற்றிவைக்கும் தந்திரங்கள் இதனால்தான் முளைத்தன. அப்படிப்பட்ட திருத்தங்களைத் தொகுத்து வைத்திருக்கும் 'எல்ம் ஜானிட்டர்' என்ற தன்னார்வ முயற்சியும் உண்டு. துப்புரவுப் பணியாளர் என்று பெயர் வைத்ததில் ஒரு கசப்பான நகைச்சுவை தெரிகிறது.

நகராத அந்தக் கை சாப்லிக்கியுடையது. ஏன் அப்படி இருக்கிறார் என்பதை அவர் மேடைகளில் பேசியிருக்கிறார். 2018இல் ஸ்ட்ரேஞ்ச் லூப் மாநாட்டில் திறந்தமூலப் பணியின் கடினமான பகுதிகளைப் பற்றிப் பேசினார். 2023இல் அதே மேடையில், நிரல்மொழிகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி. டைப்ஸ்கிரிப்டுக்குப் பின்னால் மைக்ரோசாஃப்ட், கோ மொழிக்குப் பின்னால் கூகுள். எல்மை எழுதியவருக்குச் சம்பளம் தந்தது முதலில் பிரெஸி, பிறகு நோரெட்இங்க். இரண்டும் தங்கள் சொந்தத் தயாரிப்பை விற்றுப் பிழைக்கும் நிறுவனங்கள். ஒரே ஆள் மொழியை வடிவமைத்து, கம்பைலர் எழுதி, இணையத்தில் முகம் தெரியாதவர்களின் கோபத்துக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்று அவர் முடிவெடுத்ததைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவரைக் குறைசொல்லாததால் டெவலப்பரின் பிழை சரியாகிவிடவும் இல்லை.

பொறுமை தீர்ந்தவர்கள் கிளை பிரிந்தார்கள். எல்முக்கு நிறையப் பங்களித்திருந்த ராபின் ஹெக்கெலுண்ட் ஹான்சன் 2022இல் கிரென் என்ற கிளைமொழியைத் தொடங்கினார். எல்மைப் பரப்பியவர்களில் முதன்மையானவரான ரிச்சர்ட் ஃபெல்ட்மன் ராக் என்ற மொழியைக் கட்டத் தொடங்கினார்; எல்மின் நேர்வாரிசு, பிரவுசருக்கு வெளியே உள்ள உலகத்துக்கு. ஏற்கெனவே சிறிய ஊர், அதிலும் தெரு தெருவாகப் பிரிந்தது.

இன்னொரு சங்கடம் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது: பழைய பாடங்கள். எல்ம் 1.0ஐ இதுவரை தொட்டதில்லை. 0.16இல், நேரத்தோடு மாறிக்கொண்டே இருக்கும் மதிப்பைக் குறிக்கும் 'சிக்னல்' என்பதே மொழியின் உயிர். 2016 மே மாதம் 0.17 வந்தபோது அது முழுவதும் நீக்கப்பட்டு, சந்தா என்ற எளிய முறை வந்தது. மொழி அதனால் எளிதாயிற்று. அதுவரை எழுதப்பட்ட பாடங்கள் ஒரே நாளில் பழசாயின. 0.18இல் எதையும் எழுத்துச்சரமாக்கும் ஒரு ஃபங்ஷன் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது, 0.19இல் அது பிழைதேடும் பெட்டிக்குள் போய்விட்டது. செயலியைத் தொடங்கும் ஃபங்ஷன்களின் பெயர்களும் மாறின. தேடுபொறியில் ஒரு கேள்வியைப் போட்டால் வரும் விடை எந்தக் காலத்து எல்மில் எழுதப்பட்டது என்று பார்க்கத் தெரிய வேண்டும். நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் இதில் அடிக்கடி சறுக்குகின்றன: முதல் பாதி 0.18, இரண்டாம் பாதி 0.19, நடுவில் ஹாஸ்கெலிலிருந்து ஒரு குறியீடு, பார்க்க மட்டும் அழகாக இருக்கும். படிக்கக் கிடைத்த எழுத்தின் அளவு குறைந்தால் கருவி கற்பனை செய்யத் தொடங்கிவிடும். தமிழில் அவற்றோடு பேசிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு ஆறுதல், எல்மில் அந்தக் கற்பனையைக் கம்பைலர் உடனே பிடித்துவிடும், பிழைச்செய்தியைக் கருவியிடமே திருப்பிக் கொடுத்தால் இரண்டொரு சுற்றில் அது தேறிவிடும்.

ஆள் கிடைக்குமா?

நிர்வாகத்தில் இருப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். வேலை விளம்பரத்தில் எல்ம் என்று போட்டால் விண்ணப்பங்கள் குறைவாக வரும். வருபவர்கள் பெரும்பாலும் தாங்களாகவே தேடிக் கற்றவர்கள், ஆகவே சராசரியைவிடத் தேர்ந்தவர்கள். அமெரிக்காவில் மாணவர்களுக்கு எழுத்துப் பயிற்சி தரும் தளமான நோரெட்இங்க் லட்சக்கணக்கான வரிகளை எல்மில் எழுதி, அதையே ஆள் சேர்க்கும் தூண்டிலாகவும் வைத்திருந்தது. மொழி சிறியது என்பதால், எல்மே தெரியாத ஒருவரைச் சேர்த்து ஓரிரு வாரத்தில் உற்பத்திக்குக் கொண்டுவர முடியும் என்பதும் பலரின் அனுபவம். கம்பைலர் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எடுக்கும்.

ஆள் கிடைப்பதைவிடப் பெரிய கேள்வி, ஒரு நிறுவனத்துக்குள் இரண்டு உலகங்கள் உருவாவது. மெல்பர்னில் தொடங்கிய கல்ச்சர் ஆம்ப் நிறுவனம் 2016வாக்கில் எல்மை விரும்பி எடுத்துக்கொண்டு, சில ஆண்டுகள் கழித்து அதற்கு விடைகொடுத்தது. காரணங்களைப் பொறுமையாக எழுதியும் வைத்தது. மொழிமீது வெறுப்பில்லை. நிறுவனத்தின் மற்றக் குழுக்கள் ரியாக்ட்டில் இருந்தன. பொத்தான், படிவம், நாட்காட்டி எல்லாவற்றையும் பொதுவான ஒரு தொகுப்பாக வைத்துக்கொள்ள விரும்பினால், ஒவ்வொன்றையும் இரண்டு முறை கட்ட வேண்டும். ரியாக்ட்டுக்கு ஒன்று, எல்முக்கு ஒன்று. ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்கு ஆள் மாறினால் மொழியும் மாறும். இதற்கிடையில் டைப்ஸ்கிரிப்ட், எல்ம் தந்ததில் முக்கால்வாசியைத் தரும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. மீதிக் கால்வாசிக்காகத் தனிக்குடித்தனம் நடத்துவதா என்று கணக்குப் போட்டால், ஐம்பது பேர் உள்ள இடத்தில் ஒரு விடை வரும், ஐந்து பேர் உள்ள இடத்தில் வேறு விடை வரும். இரண்டும் சரியான விடைகளே.

பேக்கேஜ் விஷயத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. எல்ம் பேக்கேஜின் பெயரோடு, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் அதை எழுதியவர் வைத்திருக்கும் கணக்கின் பெயரும் ஒட்டியிருக்கும். நிரலும் கிட்ஹப்பிலிருந்தே வரும். எழுதியவர் தன் களஞ்சியத்தை அழித்துவிட்டுப் போனால், அதை நம்பியிருந்தவரின் செயலி புதிய கணினியில் கம்பைல் ஆகாது. நிறுவனத்துக்குள் மட்டும் பகிரும் தனிப்பட்ட பேக்கேஜுக்கும் முறையான இடமில்லை. மறுபக்கம், ஒரு பேக்கேஜின் புதிய பதிப்பு பழையதை உடைக்குமா என்பதைக் கம்பைலரே டைப்புகளை ஒப்பிட்டுப் பார்த்துப் பதிப்பு எண்ணை முடிவுசெய்யும். 'சின்ன மாற்றம்தான்' என்று சொல்லிவிட்டு அடுத்தவர் செயலியை உடைக்க இங்கே முடியாது. இதைப் பழகியவர் ஜாவாஸ்கிரிப்டின் பேக்கேஜ் சந்தைக்குத் திரும்பிப் போனால் கொஞ்ச நாள் தூக்கம் வராது.

இனி, அந்த நான்கு சொற்கள். போர்ட் வழியாகத் தபால் போடலாம், வேண்டாம். வெளியே ஜாவாஸ்கிரிப்டில் பக்கத்தின் ஒரு பகுதியாக நிற்கும் தனி எலிமென்ட் ஒன்று செய்து பட்டியலையே அதனிடம் ஒப்படைக்கலாம், அதுவும் எல்ம் நிரலிலிருந்து ஒரு பகுதியைப் பிய்த்து வெளியே வைப்பதாகும். மூன்றாவது வழி, எல்மிலேயே எழுதிவிடுவது. ஒவ்வோர் எழுத்துக்கும் அகராதியில் எத்தனையாவது இடம் என்று ஓர் அட்டவணை. பன்னிரண்டு உயிர், ஆய்தம், பதினெட்டு மெய், கடைசியில் கிரந்தம். சொல்லை எழுத்து எழுத்தாக நடந்து, மெய்யோடு புள்ளி வந்தால் அதை உயிர்மெய்க்கு முன்னால் தள்ள வேண்டும். இல்லையென்றால் கலை முந்திக்கொண்டு கல்வி பின்னால் நிற்கும். குறியே இல்லாமல் வந்தால் அகரம் சேர்ந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் ஒவ்வொரு சொல்லும் ஓர் எண் பட்டியலாகிவிடும். எண் பட்டியல்களை ஒப்பிட எல்முக்குத் தெரியும், அதனால் மீதியை மொழியே பார்த்துக்கொள்ளும்.

எழுதினால் ஐம்பது வரிக்குள் வரும். முதலில் எழுதும்போது அகரத்தை விட்டுவிடுவோம், கம்பைலர் 'இந்தக் கிளையில் என்ன செய்வது என்று சொல்லவில்லையே' என்று நிறுத்தும், சேர்த்துவிட்டு மறுபடி ஓட்டினால் வரிசை வரும்: கபம், கவி, களம், கனி.